அனுமதிக் கொப்பி

இயக்குநர் பேசி முடித்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நான் எழும்பவில்லை. பக்கத்துக் கதிரைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். இரண்டு மணித்தியாலம் ஓடிய சிரிப்புப் படத்தில் ஒரு சனமும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை, கடைசியில் கைதட்டல் மட்டும் எதற்காம்?

அந்தப் படம் எங்கள் நாடகத்தை வைத்து எடுத்தது. துறைமுகத்தில் வேலை செய்தவர்களும் நாலு ஆசிரியர்களும் சேர்ந்த சின்னக் குழு எங்களுடையது. எங்களுக்கு முந்தியவர்கள் போட்ட பழைய சிரிப்பு நாடகத்தை நாங்களும் வருசா வருசம் போட்டோம். கதை பெரிதாக ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கிற ஒரு மீன்காரர் செத்துப்போனார் என்று அரசாங்கக் கந்தோரில் பதிந்துவிடுகிறார்கள். சாகவில்லை என்று நிரூபிக்க அவர் கந்தோர் கந்தோராக அலைகிறார். அவ்வளவுதான். நான் மேடையில் ஏறியவள் இல்லை. திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்து தடுமாறுகிறவர்களுக்கு மெல்லிய குரலில் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

சண்டைக் காலத்தில் நாடகம் போடுவதென்றால் முதலில் அனுமதி எடுக்கவேண்டும். அதற்குப் பிரதி கேட்பார்கள். உண்மையான வசனத்தை எழுதிக் கொடுத்தால் நாடகமும் நடக்காது, நாங்களும் வீடு வந்து சேரமாட்டோம். ஆகவே உப்புச் சப்பில்லாத நாடகம் ஒன்றைக் கொப்பியில் எழுதிக் கொடுப்போம். என் கையெழுத்து வடிவு என்பதால் அந்த வேலையும் என் தலையில். அந்தக் கொப்பியில், கந்தோரில் எழுதுகிற லிகிதர், "தயவுசெய்து அமருங்கள், தங்கள் முறைப்பாடு விரைவில் ஆராயப்படும்" என்பார். மீன்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். மேடையில் நடந்ததோ வேறு. மீன்காரர் கந்தோர் வாசலில் நீண்ட வரிசையின் கடைசியில் போய் நிற்பார். லிகிதர் எட்டிப் பார்த்துக் கத்துவார்:

"நீர் செத்த ஆளெல்லோ காணும்! வரிசை உயிரோட இருக்கிறவைக்குத்தான். நீர் நேர உள்ள வாரும்!"

மீன்காரர் வரிசையைப் பார்ப்பார். லிகிதரைப் பார்ப்பார். தலையைச் சொறிந்துகொண்டு சொல்லுவார்:

"அப்பிடியெண்டா ஐயா, நான் செத்தே இருக்கிறன்."

ஐயோ, அந்தச் சிரிப்பு! பயணப் பாசுக்கு, அரிசிக்கு, அடையாள அட்டை காட்டுவதற்கு என்று பகல் முழுக்க வரிசையில் நின்று கால் வீங்கின சனம், கதிரையில் அடித்து அடித்துச் சிரிக்கும். மீன்காரராக நடித்தவரை நாங்கள் எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். சிரிப்பு அடங்கும்வரை அண்ணை அசையாமல் நிற்பார். அந்த வரிகள் எந்தக் கொப்பியிலும் இல்லை. லிகிதராக நடித்தவரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் அண்ணையும் நானும்தான்.

எங்கள் நாடகத்தைப் படமாக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு போன வருசம் வீட்டுக்கு வந்தான் அந்த இயக்குநர். வயதில் என் மகன் மாதிரி, அதனால் அவன் என்றே எழுதுகிறேன். மரியாதை கொடுக்க மனமில்லை என்பதும் உண்மைதான். தாடி, தோளில் ஒரு பை, வாய் நிறைய அன்ரி. கதிரையில் இருக்க முதலே கேட்டான்.

"அன்ரி, ஒறிஜினல் பிரதி இருக்கோ?"

"பிரதி கிடக்கட்டும் தம்பி, மேடையில நாங்கள் கதைச்சது என்னெண்டா..."

"ஐயோ அன்ரி, ஞாபகத்தை நம்பேலாது. ஆளுக்கொரு மாதிரிச் சொல்லுவினம். எனக்கு எழுத்தில இருக்கிறதுதான் வேணும்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. அத்தனை வருசம் திரைக்குப் பின்னால் வியர்த்து வியர்த்து நின்றவளின் ஞாபகத்தை நம்ப ஏலாதாம்! நேரே போய் அலுமாரியைத் திறந்து, மிஞ்சிக் கிடந்த ஒரு அனுமதிக் கொப்பியை எடுத்து அவன் மடியில் போட்டேன். "இந்தாரும், எழுத்தில இருக்கு" என்றேன். அது என்ன கொப்பி, எதற்காக எழுதினது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். படட்டும் என்று நினைத்தேன்.

படத்தை நகரத்தில் ஒரு மண்டபத்தில் பின்நேரம் காட்டப் போகிறார்கள் என்றதும், இலங்கைத்துறையில் மகளோடு இருக்கும் அண்ணைக்கு நான்தான் போன் எடுத்து வரச் சொன்னேன். என் குரல் யாருடையது என்று மட்டுக்கட்ட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. காது மந்தம் என்று நினைத்தேன். எனக்கு ஒரு திட்டம் இருந்தது. படம் முடிய அண்ணை எழும்புவார். "தம்பி, இது எங்கட நாடகமே இல்லை" என்று சபை நடுவே சொல்லுவார். அந்த வரியை ஒருக்கால் நடித்துக் காட்டுவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவன் முகம் போகிற போக்கை நான் முன்வரிசையில் இருந்து பார்க்கவேண்டும்.

அண்ணை காலைப் பஸ்ஸிலேயே வந்திறங்கினார். அழுத்தின வெள்ளைச் சேட். "சனம் சிரிக்குமெல்லோ தங்கச்சி?" என்று மூன்று தரம் கேட்டார். என் வீட்டில் சாப்பிடும்போதும் கேட்டார்.

படம் என்றால் படம்! முதல் கால் மணித்தியாலம் துறைமுகத்தை மேலே பறந்து பறந்து காட்டினான். பிறகு கடல். பிறகு எங்கள் நகரத்து வீதிகளில் திரிகிற மான்களில் ஒன்று. மான் பேப்பரைத் தின்கிறது, பின்னால் வயலின் அழுகிறது. இதற்கு ஏன் சிரிப்பு நாடகம்? மானை மட்டும் எடுத்திருக்கலாமே. கடைசியாகக் கந்தோர் வந்தது. லிகிதர் "தயவுசெய்து அமருங்கள்" என்றார். அனுமதி கிடைக்கவேண்டுமே என்று குசினி மேசையில் இருந்து நான் பயந்து பயந்து எழுதின வசனம், ஒரு எழுத்துக் குறையாமல். மீன்காரராக வந்த பெடியன் கண்கலங்கி நன்றி சொன்னான். சனம் உச்சுக் கொட்டியது.

விளக்குப் போட்டதும் இயக்குநர் மைக்கைப் பிடித்தான். "மூலப் பிரதியில ஒரு சொல்லும் மாத்தேல்லை. அந்தக் காலத்து ஆக்களின்ர மென்மையான நகைச்சுவையை அப்பிடியே தந்திருக்கிறன்" என்றான். மென்மையாம்! எல்லாரும் எழும்பத் தொடங்க, நான் அண்ணையின் முழங்கையை இடித்தேன்.

"எழும்புங்கோ அண்ணை. கேளுங்கோ அவனை."

அண்ணை எழும்பினார். எழும்பி, எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார்.

பஸ் நிலையத்துக்கு நடந்தோம். அவர் ஊர்ப் பக்கம் போகிற ஈச்சிலம்பற்று பஸ்ஸுக்கு நீள வரிசை. கடைசியில் போய் நின்றோம்.

"சனம் சிரிக்கேல்லைத் தங்கச்சி" என்றார்.

"படம் அப்பிடி, அண்ணை."

"இல்லை, நாடகமே அப்பிடித்தான் போல. நாங்கள்தான் பெரிய சிரிப்பெண்டு நினைச்சுத் திரிஞ்சிருக்கிறம். சண்டை நேரம், சனத்துக்கும் வேற என்ன இருந்தது? பாவத்துக்குச் சிரிச்சிருக்குங்கள்."

"நீங்கள் மேடையில அப்பிடியோ கதைச்சனீங்கள்? நினைச்சுப் பாருங்கோ அண்ணை."

"அந்தப் பெடியன் அப்பிடித்தானே கதைச்சவன். எழுத்திலயும் இருக்காமே."

அந்த எழுத்து என்னுடையது. கொப்பியை வீம்புக்குக் கொடுத்தவளும் நான். அதைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. பழைய பழக்கம்தான் வந்தது. அவர் தோளுக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் எடுத்துக் கொடுத்தேன்.

"நீர் செத்த ஆளெல்லோ காணும். வரிசை உயிரோட இருக்கிறவைக்குத்தான். நீர் நேர உள்ள வாரும்."

காத்திருந்தேன். அண்ணை பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வரியையும் நானே சொன்னேன்.

"அப்பிடியெண்டா ஐயா, நான் செத்தே இருக்கிறன்."

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்களுக்கு முன்னால் நின்ற பெண்ணும் சிரித்துவிட்டாள்.

"நல்ல பகிடி தங்கச்சி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "இது எந்த நாடகத்தில வாறது?"