கல்வாழைப் பாத்தியில் குளியல்

செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று மனதார நம்பியவன் நான். இன்றும் எங்காவது வேப்பஞ்சோப்பு வாசனை அடித்தால் எண்பதுகளின் ஆவடி குவார்ட்டர்ஸ்தான் நினைவுக்கு வருகிறது: தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கூடாதென்ற கோடை உத்தரவில் எல்லார் வாசலும் காய்ந்து கிடக்க, அம்மா மட்டும் என்னைச் சிவப்புக் கல்வாழைப் பாத்திக்குள் நிறுத்தித் தினமும் குளிப்பாட்டுவாள். ஒருநாள் தண்ணீர் மேஸ்திரி சோதனைக்கு வந்துவிட்டார். நான் சோப்பு நுரையோடு இலைக்குப் பின்னால் பதுங்கி, "அம்மா, சரண்டர் ஆயிடலாம்மா" என்று அழுதேன்.

"இன்னாம்மா, செடிக்கா ஊத்தற?"

"புள்ளையக் குளிப்பாட்டுறேன். அதுக்கும் தடையாண்ணே?" என்று அம்மா இன்னொரு சொம்பு ஊற்றினாள்.

மேஸ்திரி கொஞ்ச நேரம் பூக்களையே பார்த்தார். பிறகு தன் வீட்டில் நட ஒரு கல்வாழைக் கிழங்கு கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.