கோடரிக்கு முப்பது, ஈட்டிக்கு முப்பது

கீழே டயர் ஒட்டும் கடையிலிருந்து ஏறிவரும் சூட்டு ரப்பர் வாடையும், மேசைக்கடியில் யுபிஎஸ் பெட்டி விட்டுவிட்டுக் கத்தும் "கீக் கீக்"கும் சேர்ந்ததுதான் என் பதினாறாம் வயது. போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில், மீன்படகு ஜெட்டிக்கு இறங்கும் சரிவில், ஒரு மாடியறையில், ஆறு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு நாங்கள் "தாதா", அதாவது அண்ணன், என்று கூப்பிட்ட ஒரு பெங்காலிக்காரர் "கஃபே" நடத்திவந்தார். அந்த நாளில் எங்கள் தீவுகளுக்கு இணையம் செயற்கைக்கோள் வழியாக வந்தது. வந்தது என்று சொல்வதே ஒரு மரியாதைக்காகத்தான். மேகம் கூடினால் போதும், தாதா "லிங்க் நஹி ஹை" என்று சொல்லி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். "கப்பல் வராட்டா வெங்காயம் இல்ல, மழை வந்தா லிங்க் இல்ல, இதுக்கெல்லாம் கோவப்பட்டா இந்த ஊர்ல இருக்க முடியுமா" என்பார் திருநெல்வேலியிலிருந்து அரசு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட என் அப்பா.

ஆபீஸ்களுக்கு விடுமுறை என்பதால் ஞாயிறு காலையில் மட்டும் லிங்க் கொஞ்சம் மனது வைக்கும். அந்த நேரத்துக்காகவே வாரம் முழுவதும் காத்திருந்து, நானும் என் வகுப்புத் தோழி தேவகியும் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்து ஓர் ஆன்லைன் விளையாட்டு ஆடுவோம். கோட்டைகளைப் பிடிப்பதும் காப்பதுமான விளையாட்டு அது. தேவகி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துப் பெண். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு அங்கே குடியேற்றப்பட்ட குடும்பம். பதினொன்றாம் வகுப்புக்காக ஜங்லிகாட்டில் மாமா வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அந்த வீட்டில் அவளிடம் "சாப்பிட்டியா" என்பதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை. விளையாட்டில் எங்கள் படையில் இருந்த நாற்பது பேரும் அவளிடம் கருத்துக் கேட்டார்கள். எங்கள் இருவரைத் தவிர எல்லோரும் "மெயின்லேண்ட்" தமிழர்கள். படைத்தலைவர் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த, நாங்கள் முகம் பார்த்தறியாத ஓர் "அண்ணன்".

ஒரு பெரிய கோட்டைச் சண்டைக்கு முன்னால், மாதக்கணக்கில் எல்லோரும் வெட்டிச் சேர்த்த இரும்பையெல்லாம் கொட்டி ஒரே வகை ஆயுதம் செய்ய வேண்டியிருந்தது. கோடரியா ஈட்டியா என்று படை இரண்டுபட்டது. கோடரி மெதுவாக விழும், விழுந்தால் பலமாக விழும். ஈட்டி சின்னச் சின்னதாக, ஆனால் ஒரு கோடரி விழுவதற்குள் மூன்று குத்து குத்தும். ஒழுங்காகச் சோதித்துச் சொல்பவருக்கு ஆயுதப் பொறுப்பைத் தருவதாக அண்ணன் அறிவித்தார். தேவகி அந்தப் பொறுப்புக்கு எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அவள் வேறு யாரிடமும் எதற்கும் ஆசைப்பட்டுக் காட்டியதே கிடையாது.

பயிற்சித் திடலில் நிற்கும் வைக்கோல் பொம்மையை ஒரு நிமிடம் கோடரியால் அடிப்பாள், பிறகு அதே கவசத்தோடு, அதே பொம்மையை, ஒரு நிமிடம் ஈட்டியால் குத்துவாள். பொம்மையின் தலைக்கு மேல் தெரியும் எண்களை அவள் வாய்விட்டுச் சொல்ல, நான் கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு நோட்டில் எழுதுவேன். நடுவில் லிங்க் அறுந்தால் அந்த முறை எழுதியதை அப்படியே கோடு போட்டு நீக்கிவிடச் சொல்வாள். ஏழெட்டு முறையிலேயே எனக்குச் சலித்துவிட்டது. "ஒரு வாட்டி அடிச்சுட்டுச் சொல்றது அந்தாஜாடி, வெறும் குத்துமதிப்பு. முப்பது வாட்டி அடிச்சாத்தான் பக்கா. ஏக் பார் ஔர், இன்னொரு வாட்டி, எழுது" என்பாள். இரண்டு மாத ஞாயிறுகள் இப்படிப் போயின. கோடரிக்கு முப்பது, ஈட்டிக்கு முப்பது. ஒவ்வொரு முறையும் கோடரிதான் ஜெயித்தது. ஒரு எண்கூட அவள் மாற்றிச் சொல்லவில்லை, நான் மாற்றி எழுதவுமில்லை. இதை நான் இங்கே சத்தியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்கை எங்கள் இருவர் பெயரிலும் அண்ணனுக்கு அனுப்பினோம். இரும்பெல்லாம் கோடரிகளாயிற்று. சண்டையன்று எதிரிகள் ஈட்டிகளோடு வந்தார்கள். எங்கள் ஆட்கள் ஒரு கோடரியை ஓங்கி இறக்குவதற்குள் மூன்று குத்து வாங்கி விழுந்தார்கள். கால் மணி நேரத்தில் கோட்டை போய்விட்டது.

அடுத்த ஞாயிறு காலை அரட்டைப் பெட்டி முழுவதும் வசவு. தேவகி மட்டும் நிதானமாக இருந்தாள். எங்கள் லிங்க் மெதுவானது, அடுத்தடுத்து வேகமாகக் குத்தும்போது பாதிக் குத்து போய்ச் சேராமலே தொலைந்திருக்கும், கோடரி மெதுவானதால் எல்லா அடியும் கணக்கில் வந்திருக்கும் என்று அவள் எழுதினாள். அதற்குள் அவள் அதைக் கண்டுபிடித்திருந்தாள். அண்ணன் திருப்பி எழுதினார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." மற்றவர்கள் எல்லோரும் சிரிப்புப் பொம்மைகளைப் போட்டார்கள். எங்கள் கூடம் நிஜமாகவே கோணல் என்பது மெயின்லேண்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

"எண்ணினது யாரு, தப்பு யாரோடது, இப்பவே சொல்லணும். அந்த ஆள் படைல இருக்கக் கூடாது" என்று அண்ணன் கேட்டார். தேவகி என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லுடி, நோட்டு உன்கிட்டதானே இருக்கு" என்றாள். நான் தட்டினேன்: "தேவகிதான் எண்ணினா. தப்பா எண்ணிட்டா போல. எனக்கு ஒண்ணும் தெரியாது."

நான் அனுப்பிய அந்த வரி வானத்துக்குப் போய், மெயின்லேண்டில் இறங்கி, மறுபடி வானத்துக்கு ஏறி, எனக்கு ஒரு முழம் தள்ளி இருந்த அவள் திரைக்கு வந்து சேர ஐந்தாறு விநாடி ஆயிற்று. அதுவரை அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். பள்ளியிலும் அதன்பின் வேறு பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். ஆயுதப் பொறுப்பு எனக்குக் கிடைத்தது; வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

படிக்கச் சென்னைக்குப் போனதும் ஹாஸ்டலில் நான் செய்த முதல் காரியம், அதே பொம்மையை முப்பது முறை கோடரியாலும் முப்பது முறை ஈட்டியாலும் அடித்துப் பார்த்ததுதான். ஈட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. அவள் சொன்னது வரிக்கு வரி சரி என்று நிரூபித்தாயிற்று. சொல்லத்தான் வாய் வரவில்லை, வருஷங்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

இப்போது அந்த மாடியறையில் மொபைலும் அதற்குக் கவரும் விற்கிறார்கள். விளையாட்டை நடத்தியவர்களே அதை மூடிவிட்டார்கள். கோட்டையும் பொம்மையும் எங்கும் இல்லை. கடலுக்கடியில் கேபிள் வந்து எங்கள் பழைய லிங்க்கும் செத்துவிட்டது. லாங் ஐலண்டில் மின்சார ஆபீசில் வேலை பார்க்கும் தேவகியின் எண் போன மாதம்தான் கிடைத்தது. போர்ட் பிளேர் வீட்டிலிருந்து வீடியோவில் அழைத்தேன். நலம் விசாரித்த பிறகு, சென்னையில் அடித்துப் பார்த்ததையும், லிங்க் பற்றி அவள் சொன்னதே சரி என்பதையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமேடி" என்றாள். "நான் தப்பா எண்ணலன்னு உனக்கும் அன்னிக்கே தெரியும்தானே?"

படம் துளிகூட உறையவில்லை, குரல் ஒரு எழுத்துக்கூட அறுபடவில்லை. பழைய காலமாக இருந்தால் லிங்க் போய்விட்டது என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.