பொக்கோல்பினில் ஒரு புரட்டாசிச் சனி

ஹன்டர் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கப் போகிறவர்கள் மத்தியானம் எங்கே சாப்பிடுவது என்று என்னைக் கேட்பார்கள். எழுபதுகளின் கடைசியில் அதற்குப் பதில் சொல்வது என் பிழைப்பில் பாதி. மற்றப் பாதி, அவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு சிட்னியிலிருந்து அங்கே போய் வருவது.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. பிறகு ஒரு சரக்குக் கப்பலின் குசினியில் வெங்காயம் உரித்தேன். அந்தக் கப்பல் சிட்னியை விட்டுப் புறப்பட்டபோது நான் அதில் இல்லை. விசாக் கடதாசி இல்லாதவனுக்கு வேலை கொடுக்கும் இடம் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம்தான். ஆகவே கடைகளை நான் அங்கேயிருந்துதான் படித்தேன். தட்டுக் கழுவுகிறவனுக்குத் தெரிவது சமைப்பவனுக்குக்கூடத் தெரியாது. எந்தச் சாப்பாடு எந்த நிலையில் திரும்பி வருகிறது என்று பார்ப்பவன் அவன் ஒருவன். ஓரமாய் ஒதுக்கிய இறைச்சி, இரண்டு கரண்டி மட்டும் குறைந்த சூப், நாப்கினுக்கு அடியில் மரியாதையாக ஒளித்து வைத்த மீன்.

பஸ் ஓட்டத் தொடங்கிய பிறகு, வேலையில்லாத செவ்வாய்க்கிழமைகளில் என் பழைய ஹோல்டன் காரில் தனியாகப் போய்க் கடை பார்ப்பேன். முன்வாசலில் பாதியாய் அறுத்த பீப்பாவில் பூச்செடியும் சுவரில் வண்டிச் சக்கரமும் இருந்தால் இறங்கவே மாட்டேன். சேறு படிந்த டயர்களோடு நாலு வாகனம் நின்றால் இறங்குவேன். நேரே பின்பக்கம் போய்க் குப்பை வாளியின் மூடியைத் திறந்து பார்ப்பேன். எலும்பு சுத்தமாக இருந்தால் நல்ல கடை. பிறகுதான் முன்னால் வந்து கதிரையில் உட்கார்ந்து ஒரு சூப் கேட்பேன். செஸ்நொக்கில் ஒரு கிரேக்கரின் கஃபே அப்படித்தான் கிடைத்தது. அவர் தன் வீட்டாருக்காகச் சமைக்கும் கத்தரிக்காயையும் பெரிய அவரையையும், கேட்டால் மட்டும், பின்பக்க நீள மேசையில் தருவார். சுரங்கத் தொழிலாளிகள் வரும் ஒரு மதுச்சாலையும் உண்டு. அங்கே மத்தியானம் இரண்டு மணிக்குள் போனால் ஒரு தட்டு நிறையச் சாப்பாடு. இரண்டு மணிக்கு மேல் போனால் சாத்திய கதவுதான்.

பொக்கோல்பினில் மேட்டுத் தெருவில் ஒரு கடை இருந்தது. அதற்கு மட்டும் நான் யாரையும் கூட்டிப் போனதில்லை. பஸ்ஸை அந்த வாசலுக்கு நேரே மெதுவாக்குவேன். தோட்டத்தைப் பார்க்கத்தான் மெதுவாக்குகிறேன் என்று ஆட்கள் நினைப்பார்கள். இருபது தலை நிறைந்த பஸ் ஒன்று தன் வாசலைத் தாண்டிக் கிரேக்கனிடம் போகிறது என்பதை முதலாளி ஜன்னலால் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் மெதுவாக்கினேன்.

எழுபத்திநாலில் அந்தக் கடையில்தான் தட்டுக் கழுவினேன். படுக்கை, பின்னாலிருந்த கொட்டிலில், வெறும் பீப்பாக்களுக்கு நடுவில். ஒரு சனிக்கிழமை மத்தியானம் விலை உயர்ந்த பழைய சிவப்பு வைன் போத்தல் ஒன்று காணாமல் போனது. யார் குடித்தது என்று எனக்குத் தெரியும். முதலாளியின் மச்சான், அங்கே பரிமாறுகிறவன். மேசைகளில் மிஞ்சுவதையெல்லாம் ஒரு ஜாடியில் ஊற்றிக் குடிப்பான். முதலாளி என்னை ஈர ஏப்ரனோடு சாப்பாட்டு அறைக்குள் கூப்பிட்டான். குடும்பம் குடும்பமாக வெள்ளைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வாயைத் திற. ஊது,” என்றான்.

ஊதினேன். என் அப்பு கள்ளுக் குடித்தே செத்தவர். நான் அன்றுவரை ஒரு சொட்டும் தொட்டதில்லை. அவன் மூக்கைக் கிட்டக் கொண்டுவந்து மணந்தான். ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்ததை அவன் கண்ணில் பார்த்தேன். பிறகு மூக்குக்கு முன்னால் கையை விசிறிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க, “இருக்கிறது,” என்றான். சிலர் சிரித்தார்கள். மச்சான் கையில் நாப்கினோடு நின்றான். நான் சத்தம் போட்டிருந்தால் பொலிஸ் வந்திருக்கும். பொலிஸ் வந்தால் முதலில் என் கடதாசியைத்தான் கேட்கும். ஈரச் சப்பாத்தோடு செஸ்நொக் வரை நடந்தேன்.

அதற்குப் பிறகு மெல்பேணில் கார்த் தொழிற்சாலை, மில்டுராவில் திராட்சை பறித்தல், ரயில் பாதையில் கல் போடுதல். எழுபத்தாறில் கள்ளமாய் நின்றவர்களுக்கு அரசாங்கம் மன்னிப்புக் கொடுத்தது. கடதாசி கையில் வந்தது. பஸ் லைசன்ஸ் எடுத்தேன். எங்கே நின்றாலும் அந்த “இருக்கிறது” காதில் கிடந்தது. அந்த மனிதன் இன்னொரு தடவை என் வாயை மணந்து, ஆட்களுக்கு முன்னால், ஒன்றும் இல்லை என்று சொல்லவேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வழி கிடைத்தது எங்கள் ஆட்களால். சிட்னியில் அப்போது இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் சில, பெரும்பாலும் டொக்டர்களும் எஞ்சினியர்களும், நீண்ட விடுமுறை வந்தால் சேர்ந்து சுற்றுலா போவார்கள். ஒழுங்கு செய்பவர் ஒரு கணக்காளர். எல்லோருக்கும் அவர் செயலாளர். ஒக்டோபர் நீண்ட வார இறுதியின் சனிக்கிழமைக்கு பஸ் கேட்டு அவர் எனக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, இந்த முறை கொஞ்சம் நல்ல இடமாப் பாரும். பெரிய பகட்டு வேண்டாம், ஆனா மேசைக்கு விரிப்பாவது இருக்கட்டும். போனமுறை அந்தக் கிரேக்கன்ர கடையில கதிரை கிரீச் எண்டு கத்தினதை என்ர மனிசி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறா.”

“ஓம் அண்ணை. ஒரு இடம் இருக்கு.”

“மரக்கறி?”

“அதை நான் பாக்கிறன்.”

அந்தச் சனி புரட்டாசிச் சனி. அவருக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து, விரதம் இருந்து, மத்தியானத்தில் மரக்கறிச் சாப்பாட்டோடு முடிக்கும் நாள். அந்த பஸ்ஸில் வரும் இருபத்திரண்டு பேரில் ஒருவரும் அன்றைக்கு மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள்.

நான் மேட்டுத் தெருக் கடைக்குப் போன் எடுத்தேன். முதலாளியே பேசினான். குரல் மாறவில்லை. இருபத்திரண்டு பேர் என்றதும் அவன் குரலில் வந்த சந்தோஷத்தைக் கேட்டபோதே கடை நன்றாக ஓடவில்லை என்று விளங்கியது. ஆட்டுக்குட்டித் தொடை ரோஸ்ட்தான் தங்கள் கடையின் சிறப்பு என்றான். “அதையே எல்லோருக்கும் போடு,” என்றேன். மரக்கறி என்ற சொல்லை நான் சொல்லவில்லை.

அன்று நல்ல வெயில். கடையின் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு டொக்டரின் மனைவி, எல்லோருக்கும் அவர் அன்ரி, வீட்டிலிருந்து கொண்டுவந்த எள்ளுச்சோற்றைக் காகத்துக்கு வைத்தார். வந்தது மாக்பைப் பறவை.

“இந்த ஊர்க் காகம் அரைவாசி வெள்ளை,” என்றார் டொக்டர். “அரைவாசிப் புண்ணியம்தான் கிடைக்கும்.”

“அரைவாசி காணும் உங்களுக்கு. வைன் ருசி பாக்கலாமோ எண்டு வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்த ஆள்.”

“அது வெறும் திராட்சைச் சாறு எல்லே.”

“அப்ப வீட்ட போய் திராட்சையே சாப்பிடுங்கோ.”

முதலாளி வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். மெலிந்திருந்தான். மச்சானைக் காணவில்லை. அவன் கண் என் முகத்தில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. பரவாயில்லை, கொஞ்சம் பொறு என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளை விரிப்பு மேசைகளுக்குத் தட்டுகள் வந்தன. நல்ல ரோஸ்ட். மணத்திலேயே தெரிந்தது. ஒருவரும் முள்ளுக்கரண்டியைத் தொடவில்லை. உருளைக்கிழங்குக்கு மேலும் இறைச்சிச் சாறு ஊற்றியிருந்தது. விரதம் இருந்த பெண்கள் தட்டுகளை மேசை நடுவுக்குத் தள்ளினார்கள். முதலாளி ஒவ்வொரு மேசையாகக் குனிந்து என்ன குறை என்று கேட்டான். அவன் காது சிவந்துகொண்டு வந்ததை நான் சுவரோரம் நின்று பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது.

அன்ரி என்னைக் கூப்பிட்டார். “தம்பி, நீர் சொல்லேல்லையோ?”

அந்த நேரத்தில் எனக்கு என் நல்ல பெயரும் வேண்டும், அவனைப் பழிவாங்கவும் வேண்டும் என்று இருந்தது. “சொன்னனான் அன்ரி. வியாழக்கிழமை திரும்ப எடுத்தும் சொன்னனான். ஒரு பொம்பிளைதான் போனுக்கு வந்தவ,” என்றேன்.

செயலாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் முதலாளியிடம் சொன்னார். முதலாளி குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினான். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். யூகோஸ்லாவியாக்காரி. சமையலும் கழுவலும் அவள் ஒருத்தியே என்று அவள் ஏப்ரனைப் பார்த்ததும் விளங்கியது.

“வியாழக்கிழமை போன் எடுத்தாயா?”

“இல்லை.”

“இவர்கள் சொல்கிறார்கள்.”

“போன் இல்லை. நான் போன் எடுப்பதில்லை.”

“எடுத்தாய்,” என்றான் அவன், எங்களைப் பார்த்துக்கொண்டு. “எடுத்துவிட்டு மறந்துபோனாய். இன்றைக்குக் கணக்கு முடித்துக்கொண்டு போ.”

அவள் வாயைத் திறந்தாள். வேண்டிய ஆங்கிலம் வரவில்லை. திரும்பவும் மூடினாள். நான் ஈர ஏப்ரனோடு நின்ற அதே இடம்.

அவனுக்காக நான் கட்டிய கண்ணியில் அவள் மாட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. அவள்மேல் இரக்கம் என்று அதைச் சொன்னால் முழு உண்மையாகாது. இந்த முறையும் அவன் தப்பப் பார்க்கிறான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் நடுவில் போனேன்.

“அவள் போன் எடுக்கவில்லை,” என்றேன். “நான் சொல்லவே இல்லை. தெரிந்துதான் சொல்லவில்லை.”

எங்கள் ஆட்களுக்கும் விளங்கட்டும் என்று மெதுவான ஆங்கிலத்திலேயே சொன்னேன். ஐந்து வருடத்துக்கு முன் இங்கே தட்டுக் கழுவினேன், இதே இடத்தில் நிறுத்தி என் வாயை மணந்தாய், குடிக்காதவனைக் குடித்தான் என்றாய்.

அவன் என்னைப் பார்த்தான். தேடினான். உண்மையாகவே தேடினான். “எனக்கு ஞாபகம் இல்லை,” என்றான்.

நான் எத்தனையோ பதில்களை நினைத்து வைத்திருந்தேன். அந்தப் பதிலை நினைத்து வைக்கவில்லை. அவனுடைய சட்டையைப் பிடித்தேன். அடிக்கப் போகிறேன் என்று செயலாளர் எழும்பினார். நான் அவன் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினேன். நானும் அன்று விரதம்தான். வெறும் வயிற்றின் மணம் மட்டும் இருந்திருக்கும்.

“என்ன இருக்கிறது? சொல்.”

அவன் அந்தப் பெண்ணைப் பார்த்தான், மேசைகளைப் பார்த்தான்.

“எல்லோருக்கும் கேட்கச் சொல்.”

“ஒன்றும் இல்லை,” என்றான். பிறகு இன்னும் கொஞ்சம் உரக்க, “ஒன்றும் இல்லை.”

சட்டையை விட்டேன். அது போதுமாக இருந்தது என்று சொல்ல ஆசை. அதைச் செய்தவனுக்கு அது ஞாபகமே இல்லை என்பது இன்றைக்கும் என்னைக் குடைகிறது. ஆனால் அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து வாங்கிவிட்டேன்.

அன்ரி எழும்பினார். “பிள்ளையள் பசியில நிக்குதுகள். உங்கட சண்டை முடிஞ்சுதோ?” என்றார். என்னிடமோ முதலாளியிடமோ அனுமதி கேட்காமல் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே குசினிக்குள் போனார். இன்னும் மூன்று பெண்கள் பின்னால் போனார்கள். யூகோஸ்லாவியாக்காரி தக்காளியையும் கத்தரிக்காயையும் குடைமிளகாயையும் எடுத்துக் கொடுத்தாள். பாஷை ஒன்றும் தேவைப்படவில்லை. அரை மணித்தியாலத்தில் சோறு வந்தது, காரமான கூட்டு ஒன்று வந்தது, பொரித்த உருளைக்கிழங்கு வந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். முதலாளி வாசற்படியில் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் குசினிக்குள் அவன் எட்டியும் பார்க்கவில்லை.

நான் சாப்பிட உட்காரப் போனபோது அந்தப் பெண் என் தோளைத் தட்டித் தேய்க்கும் பிரஷைக் கையில் தந்தாள். “நீ செய்தாய்,” என்றாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அது சரியான வசனம்.

பழைய தொட்டிதான். குழாயும் பழையபடி இடது பக்கம் சொட்டியது. இருபத்திரண்டு தட்டு ரோஸ்டையும் ஒவ்வொன்றாக வாளிக்குள் வழித்தேன். அன்று எவனாவது பின்பக்கம் வந்து மூடியைத் திறந்து பார்த்திருந்தால் பள்ளத்தாக்கிலேயே மோசமான கடை இதுதான் என்று போயிருப்பான். அது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்தப் பொய் பிடித்திருந்தது.

முதலாளி அவளை வேலையால் நிறுத்தவில்லை. நாங்கள் புறப்படும்போது அவள் வாசலில் நின்று அன்ரிக்கு மட்டும் கை காட்டினாள்.

திரும்பி வரும்போது அன்ரி எனக்குப் பின்னால் முதல் ஆசனத்தில் வந்து உட்கார்ந்தார். வழியில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய பிறகு முன்னால் குனிந்தார்.

“தம்பி, அவன் ஒண்டும் இல்லை எண்டு சொன்ன நேரம் எனக்கும் நல்லாத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டன்.”

“ஓம் அன்ரி.”

“ஆனா இனி எங்களுக்கு நீர் கடை பாக்கவேண்டாம். பஸ்ஸை மட்டும் ஓட்டும்.”

அடுத்த நீண்ட விடுமுறைக்குச் செயலாளர் வேறு பஸ் பிடித்தார். அவர்கள் மேட்டுத் தெருக் கடைக்குத்தான் போனார்களாம், அந்தப் பெண்ணின் கத்தரிக்காய்க்காக. அதைக் கேள்விப்பட்ட செவ்வாய்க்கிழமை நான் ஹோல்டனை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கடையின் பின்பக்கம் நிறுத்தினேன். வாளியைத் திறந்தேன். சுத்தமான எலும்புகள். மூடியை ஓங்கிச் சாத்திவிட்டு, சூப் கேட்காமல், கிரேக்கனிடம் போனேன்.