பயிற்சிக்கு வெடித்த குண்டு

எங்கேயாவது அணுகுண்டைச் சோதித்தால், அந்தக் கதிரியக்கத் தூசியைக் காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் என் வேலை. குண்டு வெடிக்காத நாளிலும் சும்மா இருக்க விடமாட்டார்கள். கடலில் ஒரு புள்ளி வைத்து, அங்கே வெடித்ததாகப் பாவித்து, அன்றைய காற்றை வைத்துக் கணக்குப் போடச் சொல்வார்கள். தூசி போய் விழும் இடமெல்லாம் வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும்.

போன மாசியில் கொடைக்கானல் மேல்மலையில் உள்ள எங்கள் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தேன். அண்ணிக்கு எட்டாம் மாதம். பல வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. அன்று கணக்கு ஓடிக்கொண்டிருந்ததால் லேப்டாப்பை மூடாமல், அண்ணிக்கு மாத்திரை வாங்க பஸ் ஏறி டவுனுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் வீட்டையொட்டிய எங்கள் பூண்டுத் தோட்டம் காலி! மழை திரண்டால் எங்கள் ஊரில் பூண்டைப் பறித்து அடுப்புக்கு மேலே பரணில் கட்டிப் புகை போடுவார்கள். வானத்தில் மேகமே இல்லை, ஆனால் அண்ணன் அதையே செய்துகொண்டிருந்தார். ஜன்னலெல்லாம் ஈரச்சாக்கு. நடுவீட்டில் அண்ணி இருமிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு என்னண்ணே கூத்து இது?"

"ஒங்கம்ப்யூட்டர்ல செகப்பா நம்ம ஊரு மேல வந்து நிக்குதே! விஷத்தூசி வருதுன்னு வெரசா பறிச்சுப்புட்டேன். நீ பாட்டுக்குச் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்ட."

"அய்யோ, அது பயிற்சிண்ணே. எங்கயும் குண்டு வெடிக்கல."

அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "முத்தாத பூண்டு. இத எவன் வாங்குவான்?" அவர் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் இறங்கிவிட்டது. பாவம், பிள்ளைக்குப் பயந்து செய்தது.

அண்ணிக்கோ சிரிப்பு தாங்கவில்லை. "நல்ல வேள, குண்டுக்குப் பொகை போட்ட மொத ஆளு ஒங்கண்ணன்தேன்," என்று சாக்கை இழுத்துப் போட்டு ஜன்னலைத் திறந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து லேப்டாப்பில் இருந்த அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"குண்டு பொய்யி, சரி. காத்து?"

"காத்து நெசம் அண்ணி. இன்னைக்கு அடிக்கிற காத்துதான்."

அண்ணியின் கை வயிற்றுக்குப் போனது. "அப்ப, இன்னைக்கு வெடிச்சிருந்தா இவன் மேலதேன் விழுந்திருக்கும், இல்ல?"

"ஆமா அண்ணி," என்றேன். எத்தனையோ வருடமாக அந்தச் சிவப்பை வரைகிறேன். அன்றைக்குத்தான் எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.