மாடிப்படியில் மூவாயிரம் மீட்டர்

மின்சார அலுவலகத்தில் மீட்டர்களைச் சோதிப்பது அவர் வேலை. எது வேகமாக ஓடுகிறது, எது மெதுவாக ஓடுகிறது என்று இருபத்தாறு வருடமாகத் தீர்ப்புச் சொல்லிச் சொல்லி, உலகத்தில் சரியாக ஓடுவது தான் ஒருவர்தான் என்ற முடிவுக்கு வந்திருந்தார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'மீட்டர் சார்'தான்.

வீட்டில் கீழே அவரும் மனைவியும். மாடியில் தம்பி குடும்பம். தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஓரகத்திகள் இரண்டு பேரும் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுவார்கள். அண்ணனும் தம்பியும் மட்டும் நான்கு வருடமாகப் பேசுவதில்லை.

காரணம் லேசுப்பட்டதா என்ன? மேல்தொட்டி நிரம்பி வழிந்துவிட்டது. மோட்டாரை நிறுத்த மறந்தவர் தம்பி. அன்றைக்குப் பார்த்து தம்பியின் மாமனார் வந்திருந்தார். அந்தப் பெரிய மனிதர் காதில் விழும்படி, "ஒரு சுவிட்சை நிறுத்தத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்குடா குடும்பம்?" என்று மீட்டர் சார் கத்திவிட்டார். கொட்டின தண்ணீர் அரை மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

அதிலிருந்து அவர் மாடிப்படியில் கால் வைத்ததில்லை. வைக்கவும் மாட்டாராம். சுயமரியாதை இருக்கிறதல்லவா!

அந்த மாத ஆரம்பத்தில் மனைவி ஒரு சேதி சொன்னாள். "உங்க தம்பி கடைப் பக்கத்துல வீடு பார்த்துட்டாராம். கடைசி ஞாயித்துக்கிழமை காலி பண்றாங்க."

"இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும். எனக்கென்ன?"

சொல்லிவிட்டு அன்று இரவு சாப்பாட்டில் உப்பே இல்லை என்று இரண்டு தடவை குறை சொன்னார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் உடல்நலப் போட்டி என்று ஒன்றை அறிவித்தார்கள். செல்போனில் ஒரு செயலி. அதில் ஒரு மலையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, மாதத்துக்குள் அந்த உயரத்தை வீட்டு மாடிப்படியிலேயே ஏறி முடிக்க வேண்டும். எல்லோரும் புத்திசாலித்தனமாகக் குன்று, மேடு என்று பார்த்து எடுத்தார்கள். மீட்டர் சார் மூவாயிரம் மீட்டர் சிகரத்தில் விரலை வைத்தார்.

வீட்டுக்கு வந்து இரும்பு டேப்பால் பதினேழு படிகளையும் அளந்தார். மொத்தம் மூன்று மீட்டர். ஆக, ஆயிரம் தடவை ஏற வேண்டும். ஏறி முடிக்கிற இடம் தம்பி வீட்டு வாசல். இந்தக் கடைசி விவரத்தை அவர் கவனிக்கவே இல்லையாம்!

"கால்வலி தைலம் வாங்கவே தெருமுனை வரைக்கும் போக மாட்டீங்க. இப்ப என்ன திடீர்னு மலை?" என்றாள் மனைவி.

"உடம்புக்குடி. டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு ஏறப் போய்விட்டார்.

ஒரு நாளைக்கு முப்பத்து நான்கு தடவை. மேலே போய்க் கதவுக்கு முன்னால் மூச்சு வாங்க நிற்பார். கதவைத் தட்டக் கை போகும். போன கை அப்படியே செல்போனை எடுத்து எண்ணிக்கை பார்க்கும். இறங்கிவிடுவார். இதையே ஒரு மனிதர் தினமும் முப்பத்து நான்கு தடவை செய்தார் என்றால், அந்த வைராக்கியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் கதவு தானாகத் திறந்தது. குப்பைப் பையோடு தம்பி. நேருக்கு நேர். மீட்டர் சார் சட்டென்று செல்போனைப் பார்த்து, "முன்னூத்தித் தொண்ணூறு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டார். நான்கு வருடம் கழித்துத் தம்பிக்குக் கேட்கும்படி அவர் பேசிய முதல் பேச்சு அது. தம்பி சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்.

சில நாள் கழித்து, தம்பி மனைவி படி முடிகிற இடத்தில் ஒரு ஸ்டூலும் தண்ணீர் பாட்டிலும் வைத்தாள். இரண்டு நாள் அவர் தொடவில்லை. மூன்றாம் நாள் நாக்கு வறண்டதில் மானம், ரோஷம் எல்லாம் இறங்கிப்போய், முழு பாட்டிலையும் குடித்துத் தீர்த்தார்.

நடுவில் முழங்கால் மக்கர் பண்ணி ஒரு நாள் வீணாகப் போனது. கடைசி ஞாயிறு விடிந்தபோது இன்னும் நாற்பத்திரண்டு தடவை பாக்கி. காலையிலேயே லாரி வந்துவிட்டது. சுமைக்காரர்கள் இரண்டு பேர் பீரோவோடு இறங்க, மீட்டர் சார் எதிரே வெறுங்கையோடு ஏறிக்கொண்டிருந்தார்.

சுமைக்காரரில் மூத்தவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என்ன சார், வழியை அடைச்சுக்கிட்டு? சும்மாதானே ஏறுறீங்க, இறங்கும்போது ஒரு சாமானைத் தூக்கிட்டு வாங்களேன்."

நியாயமான பேச்சு. மறுக்க அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

தலையணை, சுவர்க் கடிகாரம், தட்டுமுட்டுச் சாமான், தம்பி மகளின் பள்ளிக்கூடப் பை என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய் லாரியில் வைத்தார். ஒவ்வொரு தடவை திரும்பி ஏறும்போதும் செயலியில் மூன்று மீட்டர் கூடியது, மாடியில் ஒரு மூலை காலியானது. போகாதே என்று சொல்ல ஒரு மாதமாக ஏறியவர், போவதற்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்தார். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வியர்வை என்று துடைத்துக்கொண்டார்.

கடைசித் தடவை ஏறி வெற்றுக் கூடத்தில் நின்றபோது செல்போன் ஊதுகுழல் போல ஊதியது. 'வாழ்த்துகள்! சிகரத்தைத் தொட்டுவிட்டீர்கள்!' காலி வீட்டில் அந்தச் சத்தம் எதிரொலித்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்த தம்பி திரும்பினார்.

"மலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"ஆயிரம் தடவை வாசல் வரைக்கும் வந்தியே, ஒரு தடவை தட்டினா என்ன? தினமும் உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இப்ப தட்டுவே, இப்ப தட்டுவேன்னு."

"நீ திறந்திருக்கலாம்ல?"

"நானும் உன் தம்பிதானேண்ணா."

மீட்டர் சார் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். "அன்னிக்கு உன் மாமனார் முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா. தப்புதான். போகாதே."

"சாமானெல்லாம் லாரியில ஏத்தியாச்சே."

"ஆமா."

"பாதி நீயே ஏத்தினது."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. கீழே லாரி ஹாரன் அடித்தது. தம்பி அவர் தோளை ஒரு தடவை பிடித்துவிட்டு இறங்கிப் போனார்.

அலுவலகத்தில் மாலை போடாத குறையாகச் சான்றிதழ் கொடுத்துக் கைதட்டினார்கள். அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வந்துவிட்டார். அடுத்த ஞாயிறு காலை இஸ்திரி போட்ட சட்டையோடு செருப்பை மாட்டினார். மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"எங்கேன்னு எனக்குத் தெரியும். ஆனா அது தரைத்தள வீடு. ஒரு படி கூடக் கிடையாது. என்ன சாக்கு சொல்லி உள்ளே போவீங்களாம்?"

"என் தம்பியைப் பார்க்கணும்னு சொல்லுவேன்" என்றார்.