செல்லக்கனியின் மூன்றாவது பரீட்சை

செல்லக்கனிக்கு ஐம்பத்தொரு வயது. தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில், வருகிற பெட்டிகளின் எண்ணைச் சரிபார்ப்பது வேலை. வேலை போக, தபால் வழியில் தத்துவம் எம்.ஏ. படித்தாள். இந்த வயதில் எதற்கு என்று கேட்காதவர் இல்லை. அவளுக்கு ஆசை, அவ்வளவுதான். எல்லாத் தாளும் தேறிவிட்டது. இஸ்லாமியத் தத்துவம் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. இந்த மே மாதம் கடைசி வாய்ப்பு. தவறினால் மொத்தப் படிப்பும் கோவிந்தா.

தப்பு அவள் பிழைப்பிலிருந்து வந்தது. துறைமுகத்துக்காரர்களுக்கு உலகமே ஏற்றுமதி இறக்குமதிதானே. கிரேக்கரின் தத்துவச் சரக்கை அரபிகள் வாங்கி, சீல் உடைக்காமல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள் என்று இரண்டு தடவையும் எழுதிவிட்டு வந்திருந்தாள்.

யார்டில் லாரி புக்கிங் பார்க்கிற சதக்கத்துல்லா காக்கா காயல்பட்டினத்துக்காரர், மதரசாவில் ஓதியவர். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஒரு மதியச் சாப்பாட்டில் அவரிடம் இதை ஒப்பித்துக் காட்டினாள். அவர் சோறு பிசைவதை நிறுத்திவிட்டார். கிரேக்க நூல்கள் பாக்தாதில் அரபிக்கு வரும் முன்பே முஸ்லிம்களுக்குள்ளேயே வாதம் தொடங்கியாயிற்று என்றார். மனிதன் செய்வது அவன் செயலா, ஆண்டவன் எழுதியதா? எழுதியதென்றால் பாவிக்குத் தண்டனை எதற்கு? குர்ஆனை வைத்தே இரண்டு பக்கமும் வாதாடினார்கள். கிரேக்கத் தர்க்கம் பிறகு வந்தது. அதைத் தங்கள் கேள்விக்குத் தக்கபடி பிரித்து, மறுத்து, வேறொன்றாக்கினார்கள்.

பிறகு அவராகவே சொன்னார். "என் தம்பி துபாய் போவ மாட்டேன்னுதான் சொன்னான், தங்கச்சி. நான்தான் புடிச்சு அனுப்புனேன். மூணாம் மாசம் கட்டடத்துல சாரம் சரிஞ்சு மவுத்தாயிட்டான். அனுப்புனது நானா, அல்லாவான்னு இன்னைக்கும் தெரியல."

செல்லக்கனி இத்தனை நாளும் வெறும் பாடமாகப் படித்ததற்கு வெட்கப்பட்டாள்.

பரீட்சையில் இஸ்லாமியத் தத்துவத்தின் தோற்றமும் இயல்பும் பற்றித்தான் முதல் கேள்வி. நோட்ஸை மறந்துவிட்டு, காக்கா சொன்ன வாதத்திலிருந்து தொடங்கி ஆறு பக்கம் எழுதினாள். மற்றவற்றுக்கு நேரம் போதவில்லை. பயந்துகொண்டேதான் பஸ் ஏறினாள். ஆவணியில் முடிவு வந்தது. தேறுவதற்கு வேண்டியதைவிட இரண்டே மதிப்பெண் கூடுதலாக எடுத்துத் தேறியிருந்தாள்.

காக்காவிடம்தான் முதலில் சொன்னாள். அவருக்கு வாயெல்லாம் பல். மனிதன் செயலா, ஆண்டவன் எழுதியதா என்பதற்கு என்ன விடை எழுதினாள் என்று கேட்டார்.

"ஆயிரத்து முந்நூறு வருசமா அறிவாளிகளே முடிவு சொல்லலன்னு எழுதுனேன், காக்கா. அதனால அனுப்புனவன் ஒருத்தன் தலையில மட்டும் பழியப் போடுதது நியாயமில்லன்னும் எழுதுனேன்."

காக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு டீ சொல்ல எழுந்து போனார்.