குடிக்காதவனின் கல்லீரல்

சர்க்கார் ஜீப்பை ஓட்டுவது பாதி வேலை. அதில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குத் தோன்றுவதையெல்லாம் செய்வது மீதி வேலை. நீங்களும் ஓர் ஆபீஸில் காலம் தள்ளியவர் என்றால், ஒரு வேலைக்குச் சேர்ந்து வேறு வேலைக்குப் பிடித்துப் போடப்பட்டிருப்பீர்கள். ஆனால் உங்கள் வயிற்றில் யாரும் படம் வரைந்திருக்க மாட்டார்கள். என் வயிற்றில் வரைந்தார்கள்.

ஒரு முன்சீட்டு

எழுபதுகளில், சாராயக் கடைகளைத் திறந்து மறுபடி மூடியிருந்த சமயம். கடைதான் மூடியதே தவிர குடி மூடவில்லை. எங்கள் பக்கத்தில் ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். போதாததற்கு ஏரிக்கரைப் புதர்களில் காய்ச்சுகிறவர்கள் வேறு. அதனால் ஊர் ஊராகப் போய் வாத்தியார்கள், பஞ்சாயத்து மெம்பர்கள், மருத்துவச்சிகள் எல்லோரையும் கூட்டி, குடியைத் தடுப்பது எப்படி என்று பயிற்சி கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. உடம்பைப் பற்றிப் பேச ஒரு டாக்டர். சட்டத்தைப் பற்றிப் பேச ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். குடும்பத்தைப் பற்றிப் பேச, கிராமத்துப் பெண்கள் காரியங்களைக் கவனிக்கும் சேவிகா அம்மா. மூவரையும் ஏற்றிக்கொண்டு போக நான்.

மூன்று டிபார்ட்மெண்டும் ஒன்றாக வேலை செய்யவேண்டும் என்று உத்தரவு போட்டவர், ஜீப்பில் முன்சீட்டு ஒன்றுதான் என்பதை யோசிக்கவில்லை. முதல் நாள் அதை டாக்டர் பிடித்தார். இன்ஸ்பெக்டர் அந்தக் கோபத்தை என்மேல் காட்டி, "ஏய் டிரைவர்" என்றார். அவர் மாற்றலாகிப் போகும்வரை, ஊத்துக்கோட்டையில் எந்தக் கடையில் நாஷ்டா நன்றாக இருக்கும் என்று நான் அவருக்குச் சொல்லவேயில்லை.

வழியெல்லாம் டாக்டருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் யார் முதலில் பேசுவது என்று சண்டை. கடைசியில் பேசுகிறவருக்குக் கூட்டம் இருக்காது. பஸ்ஸுக்கு எழுந்து போய்விடும். பின்னால் மைக் செட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்த சேவிகா அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசிடுங்க சார். ஜனங்களுக்கு அது பழக்கந்தான், வீட்டுல தினம் கேக்கறாங்க."

மழையில் நனைந்த படம்

அன்று நல்ல மழை. ஜீப்பின் மேல்துணி ஒழுகி, டாக்டர் கொண்டுவந்த கல்லீரல் படம் நனைந்து கூழாகிவிட்டது. துணியை மாற்றித் தரச் சொல்லி நான் மூன்று முறை கேட்டிருந்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழி மட்டும் என்மேல் வந்தது. பள்ளிக்கூட ஹாலில் ஜனம் காத்திருந்தது. டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உட்கார்ந்தே வேலை செய்கிறவனுக்கு உள்ள தொப்பை எனக்கும் இருந்தது. "சட்டையைக் கழட்டு" என்றார்.

மேடையில் என்னை நிறுத்தி, சிவப்பு சாக்பீஸால் என் வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு கல்லீரலை வரைந்தார். குடித்தால் இவ்வளவு பெரிதாகும் என்று இன்னொரு கோட்டைத் தொப்புள்வரை இழுத்தார். கூச்சத்தில் நான் நெளிந்தேன். வலியில் நெளிகிறேன் என்று ஜனம் உச்சுக் கொட்டியது. நான் டிரைவர் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பயிற்சி முடிந்ததும் வயதான வாத்தியார் ஒருவர் கிட்டே வந்து என் வயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, டாக்டரிடம் மெதுவாகக் கேட்டார்: "நல்ல பையனா தெரியறானே சார், இன்னும் எத்தினி மாசம் தாங்குவான்?"

புதுப் படம் வந்த பிறகும்

புதுப் படம் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, வர்ணத்தில், அழகாகவே இருந்தது. அதை ஒரு கூட்டத்தில் மாட்டினார்கள். ஜனம் கொட்டாவி விட்டது. அடுத்த ஊரில் டாக்டர் படத்தை வண்டியிலேயே விட்டுவிட்டு, என் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

நான் முடியாது என்றேன். நான் குடித்ததே இல்லை, ஊருக்கு ஊர் எனக்கு எதற்கு இந்தப் பேர் என்று கேட்டேன். நான் வெறும் டிரைவர் என்று மறுநாளிலிருந்து சொல்லிவிடுவதாக டாக்டர் சொன்னார். அந்த மறுநாள் வரவே இல்லை. சேவிகா அம்மாவிடம் முறையிட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "படத்துக்காக யாரும் அழமாட்டேங்கறாங்க தம்பி. உன்னைப் பாத்துட்டு நேத்து ஒரு பொம்பளை எங்கிட்ட வந்து, புருஷனை எப்ப ஆஸ்பத்திரிக்கு கூட்டியாரணும்னு கேட்டுட்டுப் போனா."

குழாயடியில் ஒரு கேள்வி

கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் வயலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே கம்பெனி ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒரு ஷெட்டில் தொழிலாளர்களுக்குப் பயிற்சி நடந்தது. முடிந்து நான் குழாயடியில் வயிற்றிலிருந்த சாக்பீஸ் கோட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது வெல்டிங் வேலை செய்யும் ஒருவன் வந்து பக்கத்தில் நின்றான். டாக்டரையும் இன்ஸ்பெக்டரையும் விட்டுவிட்டு என்னிடம் வந்தது எனக்கே ஆச்சரியம்.

"எப்டிண்ணா வுட்டே?" என்றான்.

"நான் குடிச்சாதானேப்பா வுடறதுக்கு?"

"அப்டிதாண்ணா சொல்லணும். நானும் என் ஊட்ல அதான் சொல்லிக்கினு கீறேன்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லையே என்று எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அப்படி என்னதான் அதில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் ஆசை வந்தது. திரும்பும் வழியில், உங்களில் யாராவது குடித்துப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். டாக்டர், நோயாளிகளின் வாயில் மோந்ததோடு சரி என்றார். இன்ஸ்பெக்டர், பானை பானையாக உடைத்திருப்பதாகச் சொன்னார். சேவிகா அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க ஊட்டுக்காரர் உள்ள வர்றதுக்கு முன்னால அந்த வாசனை வந்துடும். எனக்கு அது போதும்."

தரகர் கொண்டுவந்த சேதி

அந்தச் சமயத்தில் பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை எனக்குப் பேசியிருந்தார்கள். கொஞ்சம் நெல் பூமி உள்ள குடும்பம். அப்பா இல்லை, அம்மாதான் எல்லாம். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பெண்ணுக்குத் தலை குனியத் தெரியவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். எனக்குப் பிடித்துவிட்டது. அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் எனக்குக் கல்யாணம் இல்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு நாள் தரகர் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். பெண்ணின் மாமா ஏதோ ஒரு கூட்டத்தில் என் வயிற்றைப் பார்த்துவிட்டாராம். என் குடி விஷயமாகப் பெண்ணின் அம்மா நேரில் பேச வேண்டுமாம். நான் கத்தின கத்தலில் ஆபீஸே வெளியே வந்தது. தரகர் குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்: "நீ ஒயுங்கானவன்னு எனக்குத் தெரியும் நைனா. ஆனா உன் ஈரல்தான் ஊரெல்லாம் பேஜாராயிட்சே!"

மூன்று சாட்சிகள்

கெடுத்தவர்களே வந்து சரி செய்யட்டும் என்று, பெரியபாளையம் கூட்டத்துக்குப் போகும் வழியில் ஜீப்பைப் பெண் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டேன். மூவரும் இறங்கினார்கள். அவர்கள் ஒன்றாக வேலை செய்து நான் பார்த்தது அன்றுதான். என் உடம்பு சுத்தம் என்றார் டாக்டர். என்மேல் ஒரு கேஸும் இல்லை என்றார் இன்ஸ்பெக்டர். கூடவே வண்டியில் வருகிறேன், ஒரு நாளும் வாசனை அடித்ததில்லை என்றார் சேவிகா அம்மா.

கேட்கக் கேட்க, பெண்ணின் அம்மா முகம் வாடிவிட்டது. "அப்போ இவரு குடிச்சதே இல்லியா?" என்றார்.

"இல்லவே இல்லை" என்றார் டாக்டர் பெருமையாக.

"குடிச்சுட்டு வுட்டவர்னு சொன்னாங்க. அதக் கேட்டுதான் எனக்கு நிம்மதியா இருந்திச்சு. மூத்த மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் குடிச்சதே இல்லன்னுதான் சொல்லிக் கட்டிக் குடுத்தோம். கல்யாணம் ஆயி ஆறு மாசத்துல ஆரம்பிச்சாங்க. பட்டு வுட்டவன் திரும்பிப் போமாட்டான்னு நெனச்சேன். இது இன்னும் ஆரம்பிக்காதது ஆச்சே!"

இல்லாத குடிக்காக ஊரெல்லாம் பேர் கெட்டது போதாதென்று, குடிக்காததற்காகப் பெண்ணும் போகிறதே! அப்போது உள்ளேயிருந்து பெண் வாசற்படிக்கு வந்து நின்று, என்னைப் பார்த்து நேராகக் கேட்டாள்: "ஏன் குடிக்கல?"

எப்படி விட்டாய் என்று அதுவரை ஆயிரம் பேர் கேட்டிருந்தார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. உள்ளதைச் சொன்னேன்: "யாரும் கூப்பிடல. எனக்கு யாரோடயும் ஒத்துப்போகாது. ஒருத்தன் ஒரு வார்த்தை தப்பா சொன்னா அப்புறம் அவன் மூஞ்சியில முழிக்கமாட்டேன். இந்த மூணு பேரோடகூட நான் சேந்து சாப்பிடறதில்ல."

"அது நெசம்" என்றார் இன்ஸ்பெக்டர் சட்டென்று.

பெண்ணின் அம்மா நிமிர்ந்தார். "கூட்டாளிங்களே கிடையாதா?"

"கிடையாதும்மா."

"கூட்டாளிங்கதான் எங்க மாப்பிள்ளைங்க ரெண்டு பேரையும் இட்டுக்கினு போனவங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்துவர உள்ளே போனார். பெண் சிரிப்பை அடக்கமுடியாமல் அவர் பின்னாலேயே போய்விட்டாள்.

ஜீப்பில் ஏறியபின் சேவிகா அம்மா பின்சீட்டிலிருந்து கவலையோடு கேட்டார்: "இதைப் பயிற்சியில எப்படி சார் சொல்லிக் குடுக்கறது?"

மூன்று டிபார்ட்மெண்டுகள் ஒன்றுசேர்ந்து ஜில்லா முழுக்கச் செய்யப் பார்த்து முடியாத குடித்தடுப்பை, யாரோடும் ஒன்றுசேராமல் நான் ஒருவன் என் வீட்டளவில் செய்து முடித்துவிட்டேன்.